மியூசிக் ஹால் காமெடி பாடகின்னா யாரு? மேரி லாயிட் கதைய வச்சு ஒரு எளிய விளக்கம்

மியூசிக் ஹால்னு சொன்னதும் நம்மாளுங்கள்ல பாதிப் பேருக்கு மனசுல வர்றது சபா தான். பட்டுப்புடவை, தொடையில தாளம் போடுற மாமா, இருமக்கூட யோசிக்கிற அமைதி. மீதிப் பேருக்கு காலைத் தூக்கி ஆடுற பொண்ணுங்க ஞாபகம் வரும், அது பாரிஸ் சமாச்சாரம், அது வேற. இன்னும் கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க கிட்ட லண்டன் மியூசிக் ஹால் பாடகி மேரி லாயிட் பேரச் சொன்னா "ஓ, அந்தக் காலத்துல பச்சையா பாட்டுப் பாடின அம்மாவா"ன்னு கேப்பாங்க. மூணுமே தப்பு. மூணாவது ரொம்பத் தப்பு, அதனால தான் இத எழுத உக்காந்தேன்.

நானும் இப்படித் தப்பா நினைச்சவன் தான். முதல் தடவ அவங்க பழைய ரெக்கார்டு ஒண்ணத் தேடிப் புடிச்சுக் கேட்டப்ப செம ஏமாற்றம், கரகரன்னு ஒரு சத்தம், அதுக்குள்ள சுமாரான ஒரு குரல், பாட்டுல சிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல, இதுக்கா லண்டனே பைத்தியமா அலைஞ்சுதுன்னு தோணுச்சு. அந்த ரெக்கார்டுல என்ன இல்லங்கிறது புரியறதுக்கு எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அதத் தான் இங்க ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கப் போறோம்.

முதல்ல, ஹால்னா என்ன?

ஒரு ஹோட்டல் நடத்துறீங்கன்னு வச்சுக்கங்க. சாயங்காலம் ஒருத்தர் வந்து மூலையில நின்னு பாடுறாரு, கூட்டம் கூடுது, கூடின கூட்டம் ரெண்டு தோசை கூடச் சாப்பிடுது. கொஞ்ச நாள்ல உங்களுக்கு ஒரு விஷயம் புரியும், ஜனங்க தோசைக்காக வரல, பாட்டுக்காகத் தான் வர்றாங்க. உடனே பின்பக்கச் சுவர இடிச்சு ஒரு மேடை போட்டு, நுழையறதுக்கே டிக்கெட் வைப்பீங்க.

லண்டன்ல நடந்ததும் இதே தான், தோசைக்குப் பதிலா பீர். 1843ல இங்கிலாந்துல நாடகச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அது போட்ட கோடு என்னன்னா, நாடகம் போடுற தியேட்டர்னா உக்காந்து பாக்குற எடத்துல குடிக்கக் கூடாது, குடிச்சுக்கிட்டே பாக்கணும்னா அங்க முழு நாடகம் போடக் கூடாது, பாட்டு, ஆட்டம், வித்தை இதோட நிறுத்திக்கணும். மதுக்கடைக்காரங்க பாட்டுப் பக்கம் சாஞ்சாங்க. 1852ல சார்ல்ஸ் மார்ட்டன்ங்கிறவர் லண்டன் லாம்பெத் பகுதியில தன்னோட மதுக்கடைய ஒட்டி கேன்டர்பரி ஹால்னு ஒண்ணு கட்டினாரு. அந்த மாதிரி எடத்துக்குத் தான் மியூசிக் ஹால்னு பேரு, குடிச்சுக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு, புகை விட்டுக்கிட்டு, கூடவே பாட்டும் கேக்குற எடம்.

மேடைக்குப் பக்கத்துல சேர்மன்னு ஒருத்தர் உக்காந்திருப்பாரு. கம்பெனி சேர்மன் இல்லீங்க, கைல சின்ன மரச் சுத்தியல வச்சு மேசையத் தட்டி அடுத்து யாரு வர்றாங்கன்னு அறிவிக்கிறவரு, நடுவுல குடிக்கச் சொல்லி உசுப்பேத்துறதும் அவர் தான், கல்லா நெறையணும்ல. பின்னாடி ஹால்கள் பெருசாகி தியேட்டர் மாதிரி ஆனப்ப இந்த ஆளு காணாமப் போயிட்டாரு.

இதுல பாடகருக்கு உள்ள கஷ்டத்தக் கவனிங்க. கீழ டம்ளர் சத்தம், பேச்சு, சண்டை. மைக்கு கிடையாது. மேல கேலரியில, அதாவது கூரைய ஒட்டின ரொம்ப மலிவான சீட்டுல, உக்காந்திருக்கிறவனுக்கும் காது கேக்கணும். புடிக்கலன்னா அவன் சும்மாவும் இருக்க மாட்டான். அதனால குரல் இனிமையா இருக்கிறதவிட வார்த்தை தெளிவா விழறதும், முகம் தூரத்துக்குத் தெரியறதும் தான் முக்கியம்.

டர்ன், அதாவது ஒரே ராத்திரி நாலு கால்ஷீட்

ஹால்ல ஒரு ஆளுக்கே முழு ராத்திரியும் கிடையாது. கழைக்கூத்தாடி, பாடகி, நாய் வித்தைக்காரர், மறுபடி பாடகர்னு வரிசையா வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் கிடைக்கிற அந்தத் துண்டு நேரத்துக்குப் பேரு டர்ன். ரெண்டு மூணு பாட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் தனி டிரஸ், நடுவுல கொஞ்சம் பேச்சு, முடிஞ்சுது.

முடிஞ்சதும் வீட்டுக்குப் போறதில்ல. வாசல்ல குதிரை வண்டி நிக்கும், ஏறி அடுத்த ஹாலுக்கு ஓடுவாங்க, மேக்கப்போடயே. மார்க்கெட் உள்ள ஆளு ஒரே ராத்திரி மூணு நாலு ஹால்ல பாடுவாங்க. கல்யாண சீசன்ல நம்ம ஊர் நாதஸ்வரக்காரங்க ஒரே முகூர்த்த நாள்ல ரெண்டு மண்டபத்த சமாளிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன், ஆனா அது வருசம் பூரா தினமும். இந்த ஓட்டத்த மனசுல வச்சுக்கங்க, பின்னாடி ஸ்டிரைக்குக்கு வரும்போது தேவைப்படும்.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோ தான்: ஹால்ங்கிறது குடியோட சேந்த பாட்டு மேடை, பாடகருக்குக் கிடைக்கிறது சின்ன டர்ன், அதுக்குள்ள சத்தம் போடுற கூட்டத்தத் தன் பக்கம் இழுக்கணும்.

சரி, இந்த அம்மா எங்கிருந்து வந்தாங்க?

நிஜப் பேரு மட்டில்டா ஆலிஸ் விக்டோரியா வுட். 1870 பிப்ரவரி 12ல கிழக்கு லண்டன் ஹாக்ஸ்டன்ல பொறந்தாங்க, கைக்கும் வாய்க்கும் இழுபறியா வாழ்ந்த ஏரியா. அப்பா துணிப்பூ செய்யிறவரு, அது பத்தாம சாயங்காலம் சிட்டி ரோட்டுல ஈகிள்ங்கிற மதுக்கடையில சர்வர் வேலை. அம்மா தையல். வீடு நெறைய பிள்ளைங்க, இவங்க தான் மூத்தவங்க. சின்ன வயசுல தம்பி தங்கச்சிகளச் சேத்துக்கிட்டு ஒரு பாட்டுக் கோஷ்டி நடத்தியிருக்காங்க, எங்க தெரியுமா, சர்ச் சம்பந்தப்பட்ட கூடங்கள்ல, "குடிக்காதீங்க"ன்னு புத்தி சொல்ற பாட்டு! பின்னாடி பொழப்பு முழுக்க மதுக்கடை மேடையில தான்னு நினைக்கும்போது சிரிப்பு வருது.

1885 மே 9, பதினஞ்சு வயசுல முதல் மேடை. அப்பா தட்டு தூக்கின அதே ஈகிள்ல இருந்த ஹால். முதல்ல சொந்தப் பேரு, அப்புறம் கொஞ்ச நாள் பெல்லா டெல்மேர்னு ஒரு பேரு, அதே வருசம் ஜூன்லயே மேரி லாயிட் ஆயிட்டாங்க. லாயிட்ங்கிறது அப்ப எல்லார் வீட்டுலயும் கிடந்த ஒரு வாரப் பத்திரிகையோட பேர்லருந்து எடுத்தது. விளம்பரச் செலவே இல்லாம ஊரறிஞ்ச பேரு, பதினஞ்சு வயசுக்கு நல்ல மூளை.

பாட்டு யாரோட சொத்து?

இங்க நாம அடிக்கடி குழப்பிக்கிறோம். இன்னிக்கு ஒரு பாட்டு வந்தா மறுநாளே ஊர்ல உள்ள எல்லா ட்ரூப்பும் மேடையில பாடும். ஹால்ல அப்படி இல்ல. பாட்டெழுதுறவர் கிட்ட பாடகர் நேரா காசு கொடுத்து பாட்ட வாங்கிடுவாங்க, பல நேரம் ஒரு கினிக்கோ சில கினிக்கோ. கினின்னா 21 ஷில்லிங், 20 ஷில்லிங் சேந்தா ஒரு பவுண்டு. அதுக்கப்புறம் மேடையில அந்தப் பாட்ட வேற யாரும் பாடக் கூடாது, அது அந்த பாடகரோட கடைச் சரக்கு. பாட்டு ஊரையே கலக்கினாலும் எழுதினவருக்கு மேக்கொண்டு பெருசா ஒண்ணும் வராது. இதுல எழுதினவங்க பொழப்பு தான் பாவம், அதப் பத்தித் தனியாவே எழுதலாம்.

மேரி லாயிடுக்குப் பேரு வாங்கிக் கொடுத்த முதல் பாட்டே இந்த விதிய மீறினது தான். 'தி பாய் ஐ லவ் இஸ் அப் இன் தி கேலரி'ன்னு ஒரு பாட்டு, ஜார்ஜ் வேர்ங்கிறவர் நெல்லி பவர்ங்கிற பாடகிக்கு எழுதினது. இந்தப் பொண்ணு கேக்காமலே எடுத்துப் பாடிடுச்சு. பாட்டு என்னன்னா, நான் காதலிக்கிற பையன் கேலரியில உக்காந்திருக்கான், அதோ பாருங்க, என்னப் பாத்து கைக்குட்டைய ஆட்டுறான். அவ்ளோ தான். ஆனா பாடிக்கிட்டே மேல பாக்கும்போது என்ன ஆகும்? காசில்லாம கூரைக்குக் கீழ நெருக்கியடிச்சு உக்காந்திருக்கிற ஒவ்வொரு பையனும் அது நான் தான்னு நினைப்பான். எதிர்ல உக்காந்திருக்கிற காசுக்காரன விட்டுட்டு, கடைசி சீட்டுக்காரனப் பாத்துப் பாடுறா!

கண்ணடிப்பு எப்படி வேலை செய்யுது

இப்பத் தான் விஷயத்துக்கே வர்றோம். காமெடி பாடகின்னா சிரிப்புப் பாட்டு பாடுறவங்கன்னு நினைப்போம். மேரி லாயிட் பாட்டுகள பேப்பர்ல படிச்சுப் பாருங்க, பெரும்பாலும் சிரிப்பே வராது. பட்டிக்காட்டுப் பொண்ணு ரயில்ல தப்பான ஊருக்குப் போயிட்டு போர்ட்டர் கிட்ட புலம்புறா. சின்னப் பொண்ணு அம்மாகிட்ட "இது எதுக்கும்மா?"ன்னு கேக்குறா. இதுல என்ன இருக்கு?

வீட்டுல நடக்குறத யோசிங்க. நாலு பேர் இருக்கிற கூடத்துல அண்ணி சும்மா "கொழுந்தனாரு நேத்து சீக்கிரமே தூங்கிட்டாரு போல"ன்னு சொல்றாங்க. வார்த்தையில ஒரு குத்தமும் இல்ல. ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்தி, 'சீக்கிரமே'ங்கிற எடத்துல புருவத்த லேசாத் தூக்கினா, கூடமே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும், அந்த வீட்டுப் பாட்டி மட்டும் "என்னடி?"ன்னு கேப்பாங்க. இப்ப சொல்லுங்க, தப்பாப் பேசினது யாரு? அண்ணியா? சிரிச்சவங்களா?

இதத் தான் இரட்டை அர்த்தம்னு சொல்றோம், ஆனா ரெண்டு விதம் இருக்கு. வார்த்தையிலயே ரெண்டு அர்த்தம் இருந்தா அது எழுதினவன் வேலை. வார்த்தையில ஒரு அர்த்தம் மட்டும் இருந்து, ரெண்டாவத முகம், இடைவெளி, கை இதுங்கள வச்சு உண்டாக்கினா அது மேடையில நிக்கிறவங்க வேலை. மேரி லாயிட் கில்லாடியா இருந்தது இந்த ரெண்டாவதுல. அந்தக் கண்ணடிப்புக்குன்னே ஜனங்க வந்தாங்க. முன்பல் கொஞ்சம் எடுப்பா இருக்கும், பெரிய அழகின்னு சொல்ல முடியாது, ஆனா உடுத்துறது படு ஜோரா. கைல ஒரு அலங்காரக் குடை. ஒரு வரியப் பாடி முடிச்சு, அடுத்த வரிய ஆரம்பிக்காம கூட்டத்தப் பாப்பாங்க. கூட்டம் அந்த இடைவெளிய தானாவே நிரப்பிக்கும். அப்புறம் "அய்யோ, நீங்க என்ன நினைச்சீங்க?"ங்கிற மாதிரி ஒரு அப்பாவி முகம்.

இன்னொண்ணு கோரஸ், அதாவது ஒவ்வொரு சரணம் முடிஞ்சும் திரும்ப வர்ற பல்லவிய கூட்டமே சேந்து பாடுறது. முதல் தடவ பாடகி பாடுவாங்க, ரெண்டாவது தடவ பாதி ஹால் சேரும், மூணாவது தடவ பாடகி சும்மா நின்னாலே போதும். அப்ப ஜனங்க வெறும் ரசிகர்கள் இல்ல, கூட வேலை செய்யிறவங்க. டி. எஸ். எலியட், ஆமா அந்தக் கவிஞரே தான், மேரி லாயிட் இறந்தப்ப ஒரு கட்டுரை எழுதினாரு. அதுல சொன்னது கிட்டத்தட்ட இது தான்: ஹாலுக்குப் போயி கோரஸ்ல சேந்துக்கிட்ட உழைப்பாளி அந்த நடிப்புல ஒரு பங்கத் தானே செஞ்சான்.

அதனால தான் எனக்கு ரெக்கார்டு கேட்டு ஒண்ணும் புரியல. அந்தக் காலத்து ரெக்கார்டிங்னா ஒரு ரூம்ல பெரிய குழாய்க்குள்ள வாய வச்சுப் பாடணும். எதிர்ல கூட்டம் இல்ல, கண்ணடிச்சா பாக்க ஆளில்ல. பாதிப் பேர் இல்லாத ஒரு பேச்ச ஒட்டுக் கேட்ட மாதிரி.

சுருக்கமா, காமெடி பாட்டுல இல்ல, குரல்லயும் இல்ல. பாடகி பாதி சொல்றாங்க, கூட்டம் மீதிய நினைச்சுக்குது. ரெண்டும் சேர்ற எடத்துல சிரிப்பு.

லைசென்ஸ்காரங்களுக்கு வந்த தலைவலி

இது புரிஞ்சா, அவங்கள அடக்க ஏன் முடியலங்கிறதும் புரியும். ஹால் நடத்த லண்டன் கவுண்டி கவுன்சில், அதாவது அந்த ஊர் நிர்வாகம், அது கிட்ட லைசென்ஸ் வாங்கணும். ஒழுக்கம் கெட்டுப் போகுதுன்னு சண்டை போட்டவங்களும் இருந்தாங்க, அதுல பேர் போனவங்க லாரா ஆர்மிஸ்டன் சாண்ட், 1894ல லெஸ்டர் ஸ்கொயர்ல இருந்த எம்பயர் தியேட்டர் மேல பெரிய புகார் கிளப்பினவங்க. அவங்கள சும்மா கிண்டல் பண்ணிட்டுப் போறது சரியில்லன்னு நினைக்கிறேன், அவங்க கவலை முக்கியமா அந்த எடத்துல நடந்த பெண்கள் வியாபாரத்தப் பத்தி. ஆனா அந்த அலையில பாட்டுகளும் சேந்து மாட்டுச்சு.

மாட்டினா என்ன பண்றது? பாட்ட எழுதி வாங்கிப் படிச்சா ஒரு குத்தமும் இல்ல. இதப் பத்தி ஒரு கதை உலாவுது, நடந்துச்சா இல்லையான்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அருமையான கதை. லைசென்ஸ் கமிட்டி முன்னாடி மேரி லாயிடக் கூப்பிட்டுப் பாடச் சொன்னாங்களாம். தன்னோட பாட்டுகள கைகட்டி நல்ல பிள்ளையா ஒரு சேட்டையும் இல்லாம பாடி முடிச்சாங்களாம், கமிட்டிக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. அப்புறம் "நீங்க வீட்டுல உங்க பொம்பளைங்க பாடுறதக் கேட்டு ரசிக்கிற பாட்ட இப்பப் பாடுறேன்"னு சொல்லிட்டு, டென்னிசன் எழுதின மரியாதையான ஒரு தோட்டத்துக் காதல் பாட்ட எடுத்து, கண்ணு, புருவம், இடுப்பு எல்லாத்தையும் போட்டுப் பாடினாங்களாம். கமிட்டி நெளிஞ்சுதாம்.

1907, கதவுக்கு வெளியில

டர்ன் ஓட்டம் ஞாபகம் இருக்கா? ஹால் முதலாளிங்க வர வர பெரிய கம்பெனியா ஆனாங்க. பகல் ஷோவ சேத்துக்கிட்டு அதுக்குத் தனிக் காசு இல்லன்னாங்க. இன்னொண்ணு தடை விதி, அதாவது எங்க ஹால்ல பாடினா பக்கத்துல இத்தன மைலுக்குள்ள, இத்தன மாசத்துக்கு வேற ஹால்ல பாடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி. நாலு ஹால்ல ஓடினா தான் சோறுங்கிறவனுக்கு இது வயித்துல அடிக்கிறது.

1907 ஜனவரியில ஸ்டிரைக் வெடிச்சுது. 1906ல ஆரம்பிச்ச வெரைட்டி கலைஞர்கள் சங்கம், வாத்தியக்காரங்க, மேடை வேலைக்காரங்க எல்லாரும் சேந்து ஹால் வாசல்ல நின்னு ஜனங்கள உள்ள போகாம மறிச்சாங்க. மேரி லாயிட் அப்ப உச்சத்துல இருந்தவங்க, கேட்ட காசு கிடைக்கும், எந்த விதியும் அவங்களத் தொடாது. இருந்தாலும் வந்து நின்னாங்க. வாரத்துக்கு முப்பது ஷில்லிங்குல இருந்து மூணு பவுண்டு வரைக்கும் வாங்குற சின்ன ஆளுங்களுக்காகத் தான் இந்தச் சண்டை, எங்கள மாதிரி நட்சத்திரங்களுக்கு எங்க நிபந்தனைய நாங்களே சொல்லிக்க முடியும்னு வெளிப்படையா சொன்னாங்க. காசும் கொடுத்தாங்க, வாசல்ல பாடியும் காட்டினாங்க. கடைசியில ஜார்ஜ் ஆஸ்க்வித்ங்கிற நடுவர் மூலமா தீர்ப்பு வந்துச்சு, கலைஞர்களுக்குக் கொஞ்சம் நல்லதாவே.

கூப்பிடாத விருந்து

1912 ஜூலை 1. பேலஸ் தியேட்டர்ல ராஜா அஞ்சாம் ஜார்ஜ் முன்னாடி மியூசிக் ஹால் கலைஞர்களோட முதல் பெரிய அரச நிகழ்ச்சி. மதுக்கடையில பொறந்த கலைக்கு இனிமே மரியாதை வந்தாச்சுன்னு எல்லாருக்கும் பூரிப்பு. வரிசையில அந்தத் தொழிலோட முகமா இருந்த மேரி லாயிட் பேரு இல்ல. ராணி முன்னாடி கண்ணடிச்சுட்டா? ஸ்டிரைக்க முதலாளிங்க மறக்கலன்னும் சொல்றாங்க. (அன்னிக்கு ஆம்பள வேஷத்துல பேன்ட் போட்டு வந்த வெஸ்டா டில்லியப் பாத்தே ராணி மேரி முகத்தத் திருப்பிக்கிட்டாங்கன்னு கதை, அப்ப இவங்க போயிருந்தா...) மேரி லாயிட் சும்மா இருக்கல, லண்டன் பெவிலியன்ல தனி ஷோ போட்டாங்க. அவங்க ஒவ்வொரு ஷோவும் மக்களோட உத்தரவுப்படி நடக்குற ஷோன்னு விளம்பரம் பண்ணாங்க.

மேடைக்கு வெளியில

இத வேகமா சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இதத் தான் எல்லாரும் விரிச்சு விரிச்சு எழுதுறாங்க. மூணு கல்யாணம், மூணும் சரியா அமையல. முதல் புருஷன் பெர்சி கோர்ட்னே, 1887ல, இவங்களுக்குப் பதினேழு வயசு. ரெண்டாவது அலெக் ஹர்லி, அவரும் பாடகர். மூணாவது பெர்னார்ட் டில்லன், 1910ல டெர்பிங்கிற பெரிய குதிரைப் பந்தயத்த ஜெயிச்ச ஜாக்கி, இவங்கள விட ரொம்ப இளையவரு. 1913ல அவரோட அமெரிக்கா போனப்ப கல்யாணம் ஆகாமலே புருஷன் பொண்டாட்டின்னு பதிஞ்சது தெரிஞ்சு, வெளிநாட்டுலருந்து வர்றவங்கள விசாரிக்கிற எல்லிஸ் தீவுல பிடிச்சு வச்சுட்டாங்க, ஜாமீன் கட்டி, தனித்தனியாத் தங்கணும்னு நிபந்தனை போட்டுத் தான் விட்டாங்க. 1914ல கல்யாணம். டில்லன் குடிச்சா கை நீட்டுற ஆளு. இவங்களும் குடிக்க ஆரம்பிச்சாங்க, உடம்பு கெட்டுச்சு.

ஆனா வேலை நிக்கல, பாட்டும் மாறுச்சு. 1919ல வந்த ஒரு பாட்டு, வாடகை கட்ட முடியாத குடும்பம் வீட்டுக்காரனுக்குத் தெரியாம வீட்டக் காலி பண்ணிட்டு ஓடுறது. தட்டுமுட்டுச் சாமான் வண்டியில, அதுல இவளுக்கு மட்டும் எடமில்ல, புருஷன் முன்னாடி போக, இவ பறவைக் கூண்டத் தூக்கிக்கிட்டு பின்னாடி நடக்குறா. வழியில ஒரு மதுக்கடையில நின்னுட்டா, வழி தவறிடுச்சு, புது வீடு எதுன்னே தெரியல. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. சிரிச்சவங்கள்ல எத்தன பேரு வீட்டுல அது நடந்திருக்கும்! இந்த வயசுல அவங்களுக்குக் கண்ணடிக்க வேண்டிய அவசியமே இல்ல, கூட்டத்துக்கும் அவங்களுக்கும் நடுவுல தெரிஞ்ச விஷயம் வறுமை.

எட்மன்டன், 1922 அக்டோபர் 4

டாக்டர் போக வேண்டாம்னாரு. கேக்கல. வடக்கு லண்டன் எட்மன்டன்ல எம்பயர் ஹால். அன்னிக்குப் பாடினது பழைய மடத்தோட இடிபாட்டப் பாக்கப் போயி, பக்கத்துல இருந்த மதுக்கடையில ஏத்திக்கிட்டு, நானும் ஒரு இடிபாடு தான்னு சொல்லிக்கிற பொம்பளயோட பாட்டு. வேஷமே தள்ளாடுற வேஷம். மேடைக்கு வந்தப்ப கால் நிக்கல, குரல் எழும்பல, நடுவுல விழுந்துட்டாங்க.

ஹால் சிரிப்புல அதிர்ந்துச்சு. முப்பத்தேழு வருசமா பாதிய அவங்க காட்ட, மீதிய இவங்க நிரப்பிப் பழகின கூட்டம், அன்னிக்கும் அப்படியே நிரப்பிக்கிச்சு.

மூணு நாள் கழிச்சு, அக்டோபர் 7, வீட்டுல இறந்தாங்க. வயசு 52. அக்டோபர் 12ல ஹாம்ஸ்டெட் கல்லறைக்கு வந்த கூட்டம் அம்பதாயிரத்துக்கு மேலன்னு சொல்றாங்க.